வேம்புவின் ஜானவாசக் கார்

மயிலாப்பூரில் டீசல் என்ஜினைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் உண்டென்றால் அது தாம்தான் என்று வேம்பு சொல்லுவார். மறுக்க யாரிடமும் ஆதாரம் கிடையாது. அவர் எந்த என்ஜினையும் தொட்டதில்லை. ஆகவே தொட்டுக் கெடுத்தார் என்றும் யாரும் சொல்ல முடியாது. மவுண்ட் ரோடில் மோட்டார் உதிரி பாகங்கள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்துமூன்று வருஷம் கடிதப் போக்குவரத்து குமாஸ்தாவாக இருந்தவர். ‘ஸ்பேனர்’ என்ற சொல்லைப் பத்தாயிரம் தடவையாவது டைப் அடித்திருப்பார். அந்த வஸ்துவைக் கையில் எடுத்தால் எது தலை எது கால் என்று சற்று யோசிப்பார்.

ஆனாலும் மெக்கானிக்குகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. “எல்லாம் கைப்பழக்கம், ஓய். தியரி கிடையாது” என்பார். தியரி தம்மிடம் இருப்பதாக அர்த்தம். அது பழுப்பு நிற அட்டை போட்ட ஓர் இங்கிலீஷ் புத்தகமாக, பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பஞ்சாங்கம் தினமும் பிரிக்கப்பட்டது.

கச்சேரி ரோடை ஒட்டிய சந்தில் வேம்புவின் வீடு. பக்கத்தில், முன்காலத்தில் குதிரை வண்டி நின்ற கொட்டகையில் ஒரு திறந்த அமெரிக்கக் கார் நின்றது. யாரோ ஒரு ஜமீன் வாரிசு விற்றுத் தின்ற சாமான்களில் அதுவும் ஒன்று. வாங்கின புதிதில் அது பெட்ரோலைக் குடித்த வேகத்தைக் கண்டு பயந்து, அறுபத்தாறில் அதன் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயுள் முடிந்த ஒரு ரொட்டி வேனின் டீசல் என்ஜினை உள்ளே வைக்கச் செய்தார் வேம்பு. வெளியே மகாராஜா, உள்ளே ரொட்டிக்காரன். அந்தக் காருக்கு ஒரே உத்தியோகம்: ஜானவாசம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையை சூட்டும் மாலையுமாக உட்கார்த்தி, பிள்ளையார் கோவிலிலிருந்து சத்திரம் வரை மனிதன் நடக்கிற வேகத்தில் கொண்டுபோய் இறக்குவது. நாற்பது மைல் வேகத்துக்குத் தயாரான என்ஜின் ஆயுள் முழுக்க மூன்று மைலில் ஊர்ந்தது. ஓட்டுவது எப்போதும் வேம்புதான். அந்த இடத்திலிருந்தபடி ஊரார் கல்யாணங்களை அவர் ஏளனம் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. இந்த மாப்பிள்ளைக்குக் காலர் பெரிசு, அந்த சம்பந்திக்கு மனசு சிறிசு.

எழுபத்துமூன்றில் அவருடைய ஒரே பெண் காமாக்ஷிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார் பஞ்சாபகேசன், தியாகராய நகர்வாசி, ஏஜீஸ் ஆபீஸில் தணிக்கை செய்தே தலை நரைத்தவர். பெண் பார்த்த அன்று பஜ்ஜி தின்று முடிப்பதற்குள் வேம்பு அவரிடம் காரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டார். பஞ்சாபகேசன் கையைத் துடைத்துக்கொண்டு, “அப்படின்னா ஜானவாசம் உங்க கார்லதான். வேற வண்டி வந்தா என் பிள்ளை ஏறமாட்டான்” என்றார். தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் சம்பந்தி தமாஷாகச் சொன்னதை தமாஷாக எடுத்துக்கொண்டு பிழைத்த பெண் வீட்டுக்காரர் யாருமில்லை. ஐப்பசி பிறந்ததும் முதல் முகூர்த்தம்.

புரட்டாசி நடுவில் கார் சத்தம் போட ஆரம்பித்தது. என்ஜினின் முன்பக்கத்திலிருந்து, யாரோ உள்ளே உட்கார்ந்து சில்லறையைக் குலுக்குகிற மாதிரி. ஷரஃபுதீன் வந்து பானட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். தேனாம்பேட்டையில் ஷெட் வைத்திருந்தவர் அவர். ரொட்டி வேன் என்ஜினை இந்தக் காருக்குள் இறக்கியவரும் அவரே.

“டைமிங் செயின் சார். தொளதொளன்னு ஆயிடுச்சு. புதுசு மாட்டணும்.”

“லூப்ரிகேஷன் போறாது. ஆயில் மாத்தினா சரியாயிடும்” என்றார் வேம்பு.

“ஆயில்ல முழுக்காட்டுனாலும் நீண்டு போன செயின் குறுகாது சார். கீழ ஒரு பல்சக்கரம், மேல ஒண்ணு, பம்புக்கு ஒண்ணு. மூணையும் இந்தச் செயின்தான் ஒரே தாளத்துல சுத்த வைக்குது. ஒரு பல்லு தாண்டிச்சின்னு வையி, பிஸ்டன் மேல வர நேரத்துக்கு வால்வு கீழ எறங்கும். ரெண்டும் முட்டிக்கும். அப்பால என்ஜினை பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்.”

“எனக்கே சொல்றியா? இதைப் பத்தி லண்டனுக்கு எத்தனை லெட்டர் அடிச்சிருக்கேன் தெரியுமோ?”

“லெட்டர்ல முட்டிக்காது சார்” என்றார் ஷரஃபுதீன்.

புதுப்பேட்டையில் தேடி ஒரு செயின் வாங்கி வந்தார். வேலை கொட்டகையிலேயே நடந்தது. ரம்ஜான் மாதம். ஷரஃபுதீன் நோன்பில் இருந்ததால், அவருக்கு எந்த டம்ளரில் காப்பி கொடுப்பது என்று வருஷத்தின் மற்ற மாதங்களில் வேம்பு வீட்டுக்குள் நடக்கும் ஆலோசனை இம்முறை தேவைப்படவில்லை. இதையும் வேம்பு சுபசூசகமாகக் கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் ரேடியேட்டர் இறங்கியது, முன்மூடி கழன்றது, மூன்று பல்சக்கரங்களும் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றில் கம்பெனிக்காரன் போட்ட புள்ளிகள் உண்டு. ஆனால் இடையில் எப்போதோ ஒரு சக்கரம் தேய்ந்து, வேறு ஏதோ என்ஜினின் சக்கரத்தை மாட்டியிருந்ததால், அந்தப் புள்ளிகளை நம்பினால் மோசம். ஷரஃபுதீன் பாதி நாள் செலவழித்து, முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சக்கரத்திலும் அதற்கு எதிரே என்ஜின் உடம்பிலும் சாக்குக்கட்டியால் வெள்ளைக் கோடு போட்டார். பிறகு பழைய செயினைக் கழற்றினார். மணி ஒன்றேகால்.

“ஒரு மணி நேரம் குடு சார். புதுச மாட்டி மூடிர்றேன்.”

வேம்பு கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்ணரைக்கு ராகுகாலம். மூணு மணிக்கு மேல மாட்டு.”

“மூணு மணிக்கு நான் கெளம்பணும். நோன்பு தொறக்குற வேளைக்கு வீட்டுல இருக்கணும். சரி, நாளைக்குக் காலைல வந்துடறேன்.”

“நாளைக்கு ஆயுத பூஜை. ஆயுதத்தைத் தொடப்படாது. விஜயதசமியன்னிக்கு வா. புதுக் காரியத்துக்கு அதைவிட நல்ல நாள் உண்டோ?”

ஷரஃபுதீன் என்ஜினையும் வேம்புவையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு சார். இதை யாரும் தொடக் கூடாது. சக்கரம் ஒரு பல்லுகூட நகரக் கூடாது. அந்த வெள்ளக் கோடுதான் எல்லாம்.”

“எங்காத்துல யார் தொடப்போறா?” என்றார் வேம்பு, கொஞ்சம் கோபமாக. தம்மைத் தவிர வீட்டில் எல்லாரையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் பூஜை. வருஷாவருஷம் காரைக் கழுவி பானட்டில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்குவதோடு சரி. இந்த வருஷம் என்ஜின் தன் உள்ளத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. மூடியிருக்கிறபோது வெளியில் பொட்டு வைக்கிறவன், திறந்திருக்கிறபோது உள்ளே வைக்காமல் விடுவது நியாயமா? கறுப்பு மசகும் அழுக்குமாய் இருக்கிற ஆயுதத்தை அப்படியே பூஜிப்பது அபசாரம் என்றும் அவருக்குத் தோன்றியது. கிழிந்த வேஷ்டித் துண்டை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மசகு போயிற்று. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். சக்கரங்கள், நடுவில் செயின் என்ற கட்டுப்பாடு இல்லாததால், தேய்க்கிற கைக்கு ஏற்றாற்போல் நன்றாகவே சுற்றிக்கொடுத்தன.

அவருடைய மனைவி அபயாம்பாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். மாயவரத்துப் பெண். புருஷனை இருபத்தாறு வருஷமாகப் படித்து, அது ஒரே அத்தியாயம் உள்ள புஸ்தகம் என்று கண்டுகொண்டவள்.

“ஏன்னா, அந்த பாய் வெள்ளையா ஏதோ கோடு போட்டிருந்தானே, அதையா அழிச்சேள்?”

“அழிப்பேனா? எங்கே இருந்ததுன்னு நெஞ்சுல இருக்கு. அந்த இடத்துலயே பொட்டு வைக்கிறேன். சாக்குக்கட்டிக் கோடு மங்கிடும், குங்குமம் பளிச்சுன்னு தெரியும். அவனுக்கும் சௌகரியம்.”

“நேத்திக்கு மூக்குக் கண்ணாடிய எங்க வெச்சேள்னு நெஞ்சுல இருந்ததோ?”

வேம்பு மோதிரவிரலால் சந்தனத்தை எடுத்து, மேலே குங்குமம் வைத்தார். நெஞ்சில் இருந்த இடத்தில்தான் வைத்தார். ஒரு பொட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வட்டமான பொருளுக்கு ஒற்றைப் பொட்டு மூளியாகத் தெரிந்ததால், அழகுக்காகச் சக்கரத்துக்கு மூன்றாக வைத்தார். சாமந்திப் பூவையும் சொருகினார். கற்பூரம் காட்டியபோது அந்த ரொட்டி வேன் என்ஜின் ஜொலித்த மாதிரி சந்தில் எந்த வீட்டு சாமியும் ஜொலிக்கவில்லை.

விஜயதசமியன்று ராகுகாலம் கழிந்து பத்தே முக்காலுக்கு ஷரஃபுதீன் வந்தார். கொட்டகைக்குள் போனவர் மூன்று சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“சார். என் கோடு எங்க?”

“எங்கேயும் போகல. பொட்டா மாறியிருக்கு, அவ்வளவுதான்.”

“ஒரு கோடு போட்டேன். மூணு பொட்டு கீது. எந்தப் பொட்டு சார் என் கோடு?”

வேம்பு முன்னால் குனிந்து பார்த்தார். ஒன்றை ஒன்று உரித்து வைத்தாற்போல் ஒன்பது பொட்டுகள். “நடுப் பொட்டு” என்றார்.

“வட்டத்துல நடுப் பொட்டு ஏது சார்?”

அந்த நிமிஷத்தில், ‘எனக்குத் தெரியவில்லை அப்பா’ என்று மூன்று சொற்கள் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஷரஃபுதீனே அதற்கு வழியும் காட்டினார். “பரவால்ல சார். மேல் மூடியக் கழட்டி முதல்லேர்ந்து பாத்து வெக்கிறேன். ரெண்டு நாளாவும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கே.” ஆனால் இரண்டு நாள் என்றால் அபயாம்பாள் காரணம் கேட்பாள். தவிர, ஒரு கைப்பழக்கக்காரன் தியரிக்காரனுக்கு மன்னிப்பு வழங்குவதா? வேம்பு உள்ளே போய்ப் பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்து, ஒரு படத்தைத் திறந்து காட்டி, ஒவ்வொரு சக்கரத்திலும் எது அந்தப் பொட்டு என்று விரலால் தொட்டுச் சொன்னார். எவ்வளவுக்கெவ்வளவு நிச்சயம் இல்லையோ அவ்வளவுக்கவ்வளவு குரல் உயர்ந்தது.

ஷரஃபுதீன் செயினை மாட்டினார். “உன் வண்டி, உன் வாக்கு. ஆனா செல்ஃப் போடக் கூடாது. கையாலதான் மொதல்ல சுத்திப் பாக்கணும்.” கைப்பிடியை மாட்டி மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்று வருவதற்குள் உள்ளே எதிலோ இடித்து நின்றது. அவர் கையை எடுத்துவிட்டார்.

“முட்டுது சார்.”

“அது கம்ப்ரெஷன். டீசல்னா கம்ப்ரெஷன் இருக்கும். பதினாறுக்கு ஒண்ணு.”

“கம்ப்ரெஷன் ரப்பர் மாதிரி தள்ளும். இது சுவரு. தொடாத. ஷெட்டுக்குப் போயி சாமான் எடுத்தாந்து மேல் மூடியத் தொறக்கறேன்.”

அவர் சைக்கிளில் தெருமுனையைத் தாண்டியதும் வேம்பு பஞ்சாங்கத்தைப் பார்த்தார். விஜயதசமி, நல்ல ஹோரை இன்னும் இருபது நிமிஷம். ஆரம்பித்த காரியத்தை நல்ல வேளையில் முடிக்காமல் விடுவதாவது. ஏறி உட்கார்ந்தார், பிள்ளையாரப்பா என்றார், செல்ஃபை அமுக்கினார்.

அந்தச் சத்தத்தை, பெரிய அண்டாவை மாடியிலிருந்து போட்ட மாதிரி இருந்தது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அபயாம்பாள் கொழுக்கட்டை மாவுக் கையோடு ஓடி வந்தாள். ஷரஃபுதீன் திரும்பி வந்து மேல் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வளைந்த கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பழைய பேப்பரில் வரிசையாக வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வேம்புவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“வால்வு மொத்தமும் போச்சு. பிஸ்டன்ல ரெண்டு ஒடைஞ்சி கீது. சாமான் பம்பாயிலேர்ந்து வரணும். தையி மாசம் பாக்கலாம்.”

“பத்து நாள்ல முடியாதோ?”

“பொட்டு வெக்கிறதுன்னா முடியும் சார்.”

நகரத்தில் வேறு திறந்த கார் இல்லாமல் இல்லை. திருவல்லிக்கேணியில் ஒருவர் வைத்திருந்தார். அந்தக் காரை ‘குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வெச்சாப்பல’ என்று வேம்பு ஏழெட்டுக் கல்யாணங்களில், சொந்தக்காரர் காதுபடவே சொல்லியிருந்தார். அங்கே போய் நிற்க முடியாது. போனாலும் பஞ்சாபகேசன் பிள்ளை ஏறமாட்டான். மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பந்தல்காரன் வந்து பேசினாலும் கார் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்திகிட்ட நேரே போய், வண்டி ஒடைஞ்சுடுத்துன்னு சொல்லிட்டு வாங்கோளேன்” என்றாள் அபயாம்பாள்.

“எப்படி ஒடைஞ்சுதுன்னு கேட்பாரே. ஆடிட் ஆசாமி.”

“அப்போ தள்ளிண்டு போங்கோ. எப்படியும் நடக்கிற வேகத்துலதானே போகப்போறது? அதுக்கு என்ஜின் எதுக்கு?”

அவள் ஏளனமாகத்தான் சொன்னாள். வேம்பு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தள்ளுவதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் ஷரஃபுதீன். ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து அவர் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கபாலியும் ஐந்து கூட்டாளிகளும் வந்தார்கள். தினமும் கட்டுமரத்தை மணலில் தள்ளுகிற தோள்கள். வேம்பு அவர்களுக்கு நிபந்தனை போட்டார்: வெள்ளை வேஷ்டி கட்டிக்கொள்ள வேண்டும், தள்ளுவதாகத் தெரியக் கூடாது, மரியாதைக்குக் கை வைத்து நடப்பதாகத் தெரியவேண்டும், வாய் திறக்கக் கூடாது.

“இன்னா சாமி, நாப்பது மணங்கு வண்டிய தள்ளினு போவணும், ஆனா தள்ளாத மாதிரி மூஞ்சிய வெச்சிக்கணும். இதுக்கு சினிமாக்காரன இட்டாந்திருக்கலாமே?” என்றான் கபாலி. “சரி, நீ மாத்திரம் பிரேக்க மிதிக்காத. மிதிச்சன்னு வையி, வாய் தானா தொறந்துக்கும்.”

ஜானவாச சாயங்காலம். பிள்ளையார் கோவில் வாசலில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான். அவனைச் சுற்றிக் குழந்தைகள் இருக்கிற இடமெல்லாம் ஏறிக்கொண்டன. கேஸ் லைட்டுகள் இரண்டு பக்கமும். முன்னால் நாயனம், பின்னால் சம்பந்திகள், நடுவில் வெள்ளை வேஷ்டியில் ஆறு பேர், முகத்தில் மரியாதையும் கழுத்தில் புடைத்த நரம்புமாக. வேம்பு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவ்வப்போது காலால் எதையோ அழுத்தி, கையால் எதையோ மாற்றி, வண்டி ஓட்டுகிறவனின் காரியங்களையெல்லாம் செய்துகொண்டு வந்தார். வடக்கு மாட வீதி முனை வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

முனையில் சாக்கடைக் கல் ஒன்று எழும்பியிருந்தது. முன்சக்கரம் அதில் இடித்தது. வேம்புவின் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றுவிட்டது. ஆறு பேரும் ஒரு தரம் தள்ளினார்கள், நகரவில்லை. மறுதரம், கட்டுமரம் மணலில் சிக்கும்போது எது தானாக வாயில் வருமோ அது வந்தது.

“ஏலேலோ ஐலசா! பிரேக்க வுடுய்யா சாமி! ஐலசா!”

நாயனக்காரர் பாதி பல்லவியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். தவுல்காரருக்கு அந்த ஐலசாவின் தாளம் பிடித்துப்போயிற்று. அவர் மட்டும் அதையே வாசித்தார். பின்னாலிருந்து பஞ்சாபகேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“என்ன வேம்பு, வண்டி ரிப்பேரா?”

தெருவே காது கொடுத்து நின்றது. வேம்பு எழுந்து நின்றார்.

“ரிப்பேரா? என் வண்டியா? மாப்பிள்ளைய மிஷின் இழுத்துண்டு வரப்படாது. மனுஷா கையாலதான் வரணும், தேர் மாதிரி. எங்காத்து சம்பிரதாயம்.”

“அப்படியா? எத்தனை தலைமுறையா?”

“ஆறு தலைமுறையா.”

பஞ்சாபகேசன் முப்பது வருஷம் தணிக்கை செய்தவர். “கார் வந்தே அறுபது எழுபது வருஷம்தானே ஆறது?”

“அதுக்கு முன்னால சாரட்டு.”

“சாரட்டுக்குக் குதிரை உண்டே?”

“அவிழ்த்துடுவோம்” என்றார் வேம்பு.

இதைவிடப் பெரிய அபத்தத்தை அந்த வீதி கேட்டிருக்காது. பஞ்சாபகேசன் ஒரு தினுசு. கணக்கில் ஓட்டை இருந்தால் ஒரு நயா பைசாவுக்கு ஒன்பது மெமோ எழுதுகிறவர். சம்பிரதாயம் என்ற தலைப்பில் வந்தால் எதையும் ‘பாஸ்’ பண்ணிவிடுவார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

“இதை முதல்லயே சொல்லப்படாதோ? புண்ணிய கைங்கரியத்தை வேடிக்கை பாத்துண்டு வரோமே! டேய், எல்லாரும் வாங்கோடா!”

தியாகராய நகர் சம்பந்திகள் பதினைந்து பேர், பட்டுக்கரையும் ஜவ்வாதுமாக, காரைச் சூழ்ந்துகொண்டார்கள். கபாலி அவர்களை ஓரமாக ஒதுக்கினான். “நீங்க சும்மா தொட்டுக்கோங்க சாமி. தள்றத நாங்க பாத்துக்கறோம். நைனா, கால ஓரமா வையி, சக்கரம் ஏறிடும்.” கார் சாக்கடைக் கல்லைத் தாண்டியது. சத்திரம் வரை ஐலசாதான். மாப்பிள்ளையும் இரண்டு தரம் சொன்னதாகக் கேள்வி.

சத்திர வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அபயாம்பாளிடம் பஞ்சாபகேசன் மூச்சுவாங்கிக்கொண்டே சொன்னார்: “உங்காத்து சம்பிரதாயம் பிரமாதம், மாமி. தை மாசம் என் ரெண்டாவது பிள்ளைக்குக் கல்யாணம். அதுக்கும் இதே கார்தான், இதே மாதிரிதான். மிஷின் உதவாது.” அபயாம்பாள் ஆரத்தியைச் சுற்றினாள். சிரிப்பை அடக்குகிற முகம் பக்தியில் கனிந்த முகம் போலவே இருக்கும்.

பெண்ணைப் புக்ககம் அனுப்பின மறுவாரம் ஷரஃபுதீன் வந்தார். பம்பாய்க்குச் சாமானுக்கு எழுதட்டுமா என்று கேட்டார்.

“அவசரமில்லை” என்றார் வேம்பு.

“தையில வண்டி வேணும்னு கபாலி சொன்னானே?”

“வேணும். என்ஜின் வேண்டாம்.” விஷயத்தைச் சொன்னார். என்ஜின் ஓடினால் சம்பிரதாயம் பொய்யாகிவிடும். சம்பிரதாயம் பொய்யானால் காமாக்ஷி அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பாள்? டீசலுக்காக ஏழு வருஷம் ஊரோடு வாதாடினவர், இப்போது அது எழுந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார்.

ஷரஃபுதீன் பானட்டில் சாய்ந்துகொண்டு யோசித்தார். கேலியா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம் அவருக்கு. “அப்ப ஒண்ணு செய்யலாம் சார். என்ஜினை மொத்தமா எறக்கி எடுத்துடறேன். ஆறு மணங்கு கொறையும். கபாலிக்கும் லேசா இருக்கும்.”

வேம்பு அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல நாள் பார்த்து என்ஜின் இறங்கிற்று. தை மாதம் இரண்டாவது பிள்ளை வந்தான், அதன்பின் பஞ்சாபகேசன் சொல்லி வேறு நாலு கல்யாணங்கள். சாரட்டிலிருந்து குதிரையை அவிழ்த்த கதை ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு தலைமுறை பின்னால் போயிற்று. இப்போதும் சத்திர வாசலில் காரை நிறுத்திவிட்டு, மூடிய பானட்டின் மேல் ஒரு கையை ஊன்றி நின்று, வேம்பு டீசலைப் பற்றிப் பேசுவார். யாராவது ஒரு பிள்ளை, கொஞ்சம் திறந்து காட்டுங்கோ மாமா என்றால், சூடாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்பார்.